முகம் தெருவுக்கு, முதுகு வீட்டுக்கு

— “உங்க வீடு எங்கம்மா முடியுது?”ன்னு தண்ணி மீட்டர் பாக்க வந்தவர் ஒரு தடவை என்னைக் கேட்டார் தம்பி. சிரிச்சிட்டு உள்ள போயிட்டேன்.

— அவர் கேட்டதுல தப்பில்லக்கா. தெருவுல எல்லா வீட்டுக்கும் ஒரு வேலி இருக்கு. உங்க வீட்ல மட்டும் படியிலேர்ந்து இறங்கினா வாசல் மண்ணு அப்படியே ரோட்டோட கலந்துடுது. வரிசையில ஒரு பல்லு விழுந்த மாதிரி. வேலி போடற எனக்கே பாக்கப் பொறுக்கல.

— அவருக்குப் பிடிக்காது தம்பி, வேலி.

— யாரு, அண்ணனுக்கா?

— ஆமா. “நாளெல்லாம் பஸ்ஸுக்குள்ள உக்காந்து ஓட்டறேன், நாலு பக்கமும் கண்ணாடி. வீட்லயாவது முன்னாடி எதுவும் இல்லாம இருக்கட்டும்”னு சொல்வாரு. பேசிட்டிருந்தப்போ.

— இப்ப வேணாம்னு சொல்லலியே. அதோ, படியில உக்காந்து நம்மளையேதான் பாக்கறாரு. அண்ணே! என்னண்ணே, அடிச்சிடலாமா? பாத்தீங்களாக்கா, ஆட்சேபம் இல்ல.

— கேலி பண்ணாதீங்க தம்பி.

— ஐயோ, தப்புக்கா. கன்னத்துல போட்டுக்கறேன். கை ஓடணும்னா எனக்கு வாயும் ஓடணும். என் வீட்டுக்காரி சொல்லுவா, “வாய் நிறைய ஆணியை வெச்சுக்கய்யா, ஊருக்கு நிம்மதி”ன்னு. அண்ணன் கோவிச்சுக்க மாட்டாரே?

— கோவமெல்லாம் வராது. யாரையும் ஒண்ணும் பண்ண மாட்டாரு. கதவு திறந்திருந்தா எழுந்து போயிடுவாரு, அவ்வளவுதான்.

— எங்க போவாரு?

— தெரியல. போவாரு. போன வாரம் பெரிய ரோட்டுக்கு நடுவுல நின்னுட்டிருந்தாரு, நாலு பக்கமும் வண்டி வர்ற இடத்துல. ஒரு லாரிக்காரர் இறங்கி வந்து, கையைப் பிடிச்சு ஓரத்துல உக்கார வெச்சிருக்காரு. நான் தேடிக்கிட்டுப் போறதுக்குள்ள… என்னங்க, வெயில் மூஞ்சில அடிக்குது. கொஞ்சம் இந்தப் பக்கம் நகருங்க. ஆங், அப்படி.

— கதவைப் பூட்டி வெச்சா?

— தலையை முட்டிக்கறாரு தம்பி. சுவத்துல, கதவுல. ரத்தம் வர்ற வரைக்கும். வானம் தெரிஞ்சா சும்மா இருக்காரு. அதான் வேலி.

— அது போதும்க்கா, புரிஞ்சுது. பின்னாடி கிடங்குச் சுவரு, யானை கூட ஏறாது. ரெண்டு பக்கமும் பக்கத்து வீட்டுச் சுவரே எல்லை. மிச்சம் இந்த முன்பக்கம்தான். தூணுக்குப் போட்ட சிமெண்டும் கல்லு மாதிரி இறுகிடுச்சு. இன்னிக்குப் பலகையை அடிச்சு, கேட்டை மாட்டி, தாழ்ப்பாளைப் போட்டா என் வேலை முடிஞ்சுது. இந்த ஒரு துண்டுக்கு மட்டும் பலகையை ஏற்கனவே கோத்தாச்சு. தூக்கி நிறுத்திப் பாப்போமா?

— நிறுத்துங்க.

— நல்ல மரம்க்கா. நான் சும்மா சொல்லல. இந்தத் தெருவுல முக்கால்வாசி வேலி என் கை வேலைதான். வேலியைப் பாத்தே உள்ள இருக்கறவங்களைச் சொல்லிடுவேன், ஜோசியக்காரன் தோத்தான். அந்த மூலை வீடு தெரியுமில்ல, தகரம் அடிச்சு மேல கண்ணாடித் துண்டு பதிச்சிருக்கே? ஏதோ புதையல் இருக்கற மாதிரி! உள்ள போய்ப் பாத்தேன். ஒரு துருப்பிடிச்ச சைக்கிளு, ரெண்டு தொட்டி. அதுல ஒரு தொட்டி காலி.

— அவங்க பயந்த சுபாவம்.

— அதுக்கு அடுத்தது மூங்கில் தட்டி. வாடகைக்கு இருக்கறவங்க. போகும்போது பாய் மாதிரி சுருட்டி எடுத்துக்கிட்டுப் போயிடலாம்னு கேட்டு வாங்கினாங்க. அப்புறம் கம்பி வலை. ஏன் கம்பி வலைன்னு கேட்டேன். “நாய்க்குப் பொழுது போகணும்பா, ரோட்டைப் பாக்கட்டும்”னாரு. சம்சாரம் சமையல்கட்டுல ஜன்னல் வேணும்னு அழுதுட்டிருக்கு, அது தனிக் கதை.

— மெதுவா பேசுங்க, கேட்டுடப் போகுது.

— கேட்டா கேக்கட்டும். அண்ணன் தம்பி வீடு இருக்கே, அதான் எனக்குப் பிடிச்சது. நடுவுல ஒரே வேலி. இந்தப் பக்கம் பச்சை, அந்தப் பக்கம் நீலம். சரி, ஆளுக்கொரு கலரு. பலகையோட மேல் விளிம்பு இருக்கு பாருங்க, ரெண்டு விரல் கனம்? அதுல நடுவுல கோடு போட்டு பாதி பச்சை, பாதி நீலம்! கோடு போடறதுக்கு என்னைத்தான் கூப்பிட்டாங்க. நூல் பிடிச்சுப் போட்டுக் குடுத்தேன்.

— டீச்சர் வீட்டு வேலி?

— எதிர்ல இருக்கற வெள்ளை வேலியா? அது வேலியாக்கா? வேலியோட குட்டி. முழங்கால் உசரம். கோழி கூட மரியாதைக்காகத்தான் தாண்டாம நிக்குது.

— அழகா இருக்கு தம்பி. வருஷா வருஷம் அவங்களே பெயிண்ட் அடிப்பாங்க. நான் ஜன்னல்லேர்ந்து பாப்பேன்.

— அழகுதான். இல்லேங்கல. சரி, நிறுத்தியாச்சு. இங்க வந்து பாருங்க. இது முகம், இது முதுகு.

— என்னது?

— வேலிக்கு முகம்னு ஒண்ணு இருக்குக்கா. பலகை மட்டும் வழவழன்னு தெரியற பக்கம். பின்னாடி குறுக்க ரெண்டு சட்டம், ஆணி முனை எல்லாம் தெரியுதே, அது முதுகு. முகம் தெருவுக்கு, முதுகு வீட்டுக்கு. எல்லா வீட்லயும் அப்படித்தான். வர்றவன் போறவனுக்கு நல்லதைக் காட்டணும், நம்ம ஓட்டை உடைசலை நாம பாத்துக்கணும்.

— மாத்தி அடிங்க தம்பி.

— எதை?

— முதுகு தெருவுக்கு இருக்கட்டும்.

— சொக்காயைத் திருப்பிப் போட்ட மாதிரி இருக்கும்க்கா.

— இருக்கட்டும். குறுக்குச் சட்டம் உள்பக்கம் இருந்தா ஏணி மாதிரி ஆயிடும் தம்பி. கீழ ஒரு கால், மேல ஒரு கால். அவருக்குக் காலுக்கு ஒண்ணும் இல்ல. தலைக்குத்தான்.

— அட… ஆமா. நான் யோசிக்கவே இல்ல. மாட்டுக்கொட்டகைக்கு அடிக்கும்போது அப்படித்தான் அடிப்போம். தப்பா நினைக்காதீங்க, மாடுன்னு சொல்லல.

— பரவால்ல.

— ரெண்டு பக்கமும் பலகை அடிச்சு மூடிடலாம், ஆனா இருக்கற மரம் பத்தாது. சரிக்கா, இதோ திருப்பி நிறுத்திட்டேன், மாத்தியே அடிக்கறேன். தாழ்ப்பாள்? உள்பக்கமா ஒண்ணு, வெளிப்பக்கமா ஒண்ணு?

— வெளியில மட்டும் போதும்.

— அப்ப நீங்க உள்ள இருக்கும்போது எப்படிச் சாத்துவீங்க?

— நான் அப்படி யோசிக்கல தம்பி.

— உள்ள ஒண்ணு போடறேன், இருந்துட்டுப் போகட்டும்.

— உள்ள போட்டா அவர் திறந்துடுவாரு. வெளியில மட்டும் வைங்க. டீச்சர் கைக்கு எட்டற உசரத்துல.

— டீச்சர் கைக்கா? அவங்க எதுக்கு?

— ஒரு அவசரம்னா. எதிர்வீடு அதானே.

— நினைச்சேன், பேரைச் சொன்னதும் ஆளே வர்றாங்க. கையில தண்ணிக் குவளையோட. செடிக்கு ஊத்தற மாதிரி வருவாங்க, பாத்துக்கங்க, ஒரு சொட்டு ஊத்த மாட்டாங்க.

— ஏம்மா, நான் ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதே. இது என்ன இவ்வளவு உசரம்?

— வாங்க டீச்சர்.

— வர்றது இருக்கட்டும். நம்ம தெருவுக்குன்னு ஒரு லட்சணம் இருக்கில்ல? மார்பு உசரத்துக்கு மேல யாரும் வேலி போடறதில்லைன்னு சங்கத்துல பேசி முடிவு பண்ணினோமே. மூலை வீட்டுக்காரன் ஒருத்தன்தான் தகரத்தை அடிச்சு மானத்தை வாங்கினான். இப்ப நீயுமா? நான் இங்க வீடு கட்டி வந்ததே, காலையில எழுந்தா நாலு முகம் தெரியுதேன்னுதான். எட்டிப் பாக்க வேணாம், நின்ன இடத்துலேர்ந்து பேசலாம். இதை வெச்சிட்டா உன் ஜன்னல் கூட எனக்குத் தெரியாது.

— கேட் பக்கத்துல ரெண்டு பலகைக்கு நடுவுல கொஞ்சம் இடைவெளி விடச் சொல்லியிருக்கேன் டீச்சர். உங்க வாசல்லேர்ந்து பாத்தா அவர் உக்கார்ற இடம் தெரியும்.

— அவரைப் பாத்து நான் என்னம்மா பண்ணப் போறேன்?

— சும்மா. கண்ணுல பட்டா நல்லதுதானே.

— ஏம்ப்பா, நீயாவது சொல்ல மாட்டியா? அதென்ன, முதுகை இந்தப் பக்கம் திருப்பி வெச்சிருக்கே? கட்டையும் ஆணியும் என் வாசலைப் பாத்துகிட்டு! என் வேலியைப் போட்டது நீதானே? அப்ப என்ன சொன்னே? “முகம் தெருவுக்கு, அதான் டீச்சரம்மா மரியாதை”ன்னு வகுப்பு எடுத்தே.

— எடுத்தேன் டீச்சரம்மா. ஆனா அக்காதான்…

— அக்கா சொன்னா? அவளுக்கு என்ன தெரியும் பாவம், வீட்டை விட்டே வர்றதில்ல. திருப்பு. முகத்தை இந்தப் பக்கம் திருப்பு. உசரத்தைக் கூட பொறுத்துக்கறேன். நாளைக்கு சங்கத்துல என்னைத்தான் கேப்பாங்க, “எதிர்ல இருந்துகிட்டு என்ன டீச்சர் பண்ணிட்டிருந்தீங்க”ன்னு.

— டீச்சர், சட்டம் உள்ள இருந்தா அவர் ஏறிடுவாரு.

— ஏறுவாரா? அவரா? அம்மா, தப்பா எடுத்துக்காதே, மனுஷன் எப்ப பாத்தாலும் பிள்ளையாட்டம் உக்காந்த இடத்துல உக்காந்திருக்காரு. அவரா இதை ஏறிக் குதிக்கப் போறாரு? நீ ரொம்பத்தான் பயப்படறே. நாங்கெல்லாம் இல்ல? இந்தத் தெருவுல எல்லாரும் எல்லாரையும் பாத்துகிட்டுதான் இருக்கோம்.

— பாக்கறாங்க டீச்சர்.

— அதைத்தான் சொல்றேன்.

— அவர் போகும்போதும் பாக்கறாங்க. “உங்க வீட்டுக்காரர் இப்பதான் இந்தப் பக்கம் போனாரு”ன்னு நான் ஓடறப்ப எல்லாரும் கரெக்டா சொல்றாங்க. மூங்கில் தட்டி வீட்ல சொல்வாங்க. கம்பி வலை வீட்ல சொல்வாங்க. நாய் கூட அந்தப் பக்கம் பாத்துத்தான் குலைக்கும். யாரும் கையைப் பிடிக்கல.

— என்னம்மா இப்படிச் சொல்றே? பெரிய ஆம்பளை. சட்டுன்னு கையைப் பிடிச்சா என்ன நினைப்பாரோன்னு…

— ஆமா டீச்சர். குத்தம் சொல்லல.

— டீச்சரம்மா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. திருப்பணும்னா திருப்பறேன், திருப்ப வேணாம்னா வேணாம். ரெண்டு பேரும் பேசி ஒண்ணா சொல்லுங்க, கை வலிக்குது எனக்கு.

— திருப்புப்பா.

— அக்கா?

— டீச்சர் சொல்றபடி பண்ணுங்க தம்பி. என்ன பண்றது.

— கேட்டியா? நல்ல மனசு அவளுக்கு. சொன்னா புரிஞ்சுக்குவா. ஆங், திருப்பிட்டியா, இப்பதான் முகம் தெரியுது. இதுக்கு வெள்ளை பெயிண்ட் அடிச்சா போதும்மா, என் வேலிக்கு அக்கா மாதிரி நிக்கும். அதுவும் சாயம் போகாத பெயிண்டா பாத்து… ஏம்ப்பா, என்ன அப்படிப் பாக்கறே?

— அண்ணன் எழுந்துட்டாரு.

— என்னங்க? என்ன வேணும்? தண்ணியா?

— ஏதோ பாக்க வர்றாரும்மா. ஆசையா இருக்கும், புது மரம். வரட்டும், தொட்டுப் பாக்கட்டும். வாங்க, வாங்க. பாருங்க, எவ்வளவு நல்லா… ஐயோ! காலை வெக்கறாரு!

— அண்ணே! அண்ணே, சட்டம் இன்னும் இறுகல!

— என்னங்க, இறங்குங்க! என்னங்க!

— மேல் சட்டத்துக்குப் போயிட்டாரு! ஏம்ப்பா, பிடிப்பா இடுப்பை!

— பிடிச்சுட்டேன், பிடிச்சுட்டேன்… அக்கா, காலை எடுத்து விடுங்க… அந்தக் கால் இல்ல, இந்தக் கால். மெதுவா. ஆங். யப்பா. என்னா பலம்! என்னையும் சேத்துத் தூக்கிட்டுப் போயிருப்பாரு.

— ஒண்ணும் இல்லங்க, ஒண்ணும் இல்ல. கையைக் காட்டுங்க. முள்ளு குத்திச்சா? இங்க வந்து உக்காருங்க. நான் இங்கதான் இருக்கேன். ஊதி விடறேன், வாங்க.

— குவளைத் தண்ணியெல்லாம் கொட்டிப் போச்சு. கண் மூடித் திறக்கறதுக்குள்ள… ஏம்ப்பா, ரெண்டே எட்டு!

— அக்கா சொன்னதுதானே டீச்சரம்மா. கீழ ஒரு கால், மேல ஒரு கால்.

— சரி சரி, குத்திக் காட்டாதே. மாத்திடு. முதுகைத் தெருவுக்கே அடி. கட்டையும் ஆணியும் என் கண்ணுல படணும்னு இருந்தா படட்டும். சங்கத்துல நான் பேசிக்கறேன். ஏம்மா, தினமும் இப்படித்தானா?

— தினமும் இல்ல டீச்சர். ஆனா எப்பன்னு தெரியாது. அதான் கஷ்டம். குளிக்கப் போகும்போது கதவைத் திறந்து வெச்சிட்டு, பாட்டுப் பாடிகிட்டே குளிப்பேன். நான் இருக்கேன்னு அவருக்குத் தெரியணுமில்ல.

— நீ பாடுவியா! நான் கேட்டதே இல்லையே.

— நல்லா பாட மாட்டேன்.

— தையல் வேலையாவது நடக்குதா?

— ஜன்னல் திரை, தலையணை உறை, அதெல்லாம் வாங்கறவங்களே வந்து எடுத்துட்டுப் போறாங்க. அவரும் கால்கிட்ட உக்காந்து மெஷின் சக்கரத்தையே பாத்துட்டிருப்பாரு. நிறுத்தினா எழுந்துடுவாரு. துணி இல்லாத நாள்லயும் சும்மா ஓட்டிட்டிருப்பேன்.

— டாக்டர் என்னம்மா சொல்றாரு?

— போன மாசம் போனோம். முழுசா பாத்தாரு. “உடம்பு இரும்பு மாதிரி இருக்கு, ரத்தம், நெஞ்சு எல்லாம் நல்லா இருக்கு. இன்னும் முப்பது வருஷம் தாராளமா இருப்பாரு”ன்னு முதுகுல தட்டிக் கொடுத்தாரு.

— அப்பாடா! நல்ல சேதிதானே அது!

— ஆமா டீச்சர். எல்லாரும் அப்படித்தான் சொன்னாங்க.

— பின்ன? உனக்கும் சந்தோஷமா இருந்திருக்குமே.

— பஸ்ல வரும்போது அவர் என் தோள்ல சாஞ்சு தூங்கிட்டாரு. நான் முப்பதைக் கூட்டிப் பாத்தேன். அப்ப எனக்கு எத்தனை வயசு ஆகும்னு.

— அக்கா, அந்தச் சுத்தியலைக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க. ஆமா, அதான். டீச்சரம்மா, காதைப் பொத்திக்கங்க, அடிக்கப் போறேன்.

— அடி, அடி. பேச்சைக் கெடுக்கறதுக்குன்னே வருவான். ஏம்மா, சொந்தக்காரங்க யாரும் இல்லியா ஒத்தாசைக்கு? அவரோட அண்ணன் ஒருத்தர் வந்து போனாரே, நெட்டையா?

— அவர்தான். சந்தைக்குப் பின்னாடி மரக்கடை வெச்சிருக்காரு. வாசல்ல ரெண்டு பெரிய அடிமரம் கிடக்கும், யாரைக் கேட்டாலும் சொல்வாங்க.

— நீங்க பேசிக்கறதில்லைன்னு சொன்னியே?

— நான் பேசறதில்ல டீச்சர். நீங்க தெரிஞ்சு வெச்சுக்கங்க.

— நான் எதுக்கும்மா?

— “என் தம்பியை நீ பாத்துக்கோம்மா, நீதான் தெய்வம்”னு சொல்லிட்டுப் போனாரு. அப்புறம் வரல. நான் தெய்வமாயிட்டேனா, அதனால யாரும் வர்றதில்ல.

— ஹோம் மாதிரி ஏதாவது?

— கேட்டேன். நடமாட முடியாதவங்களைத்தான் சேத்துக்குவாங்களாம். இவர் நடக்கறாரே. பொண்ணைக் கேட்டேன். அவளுக்கு மாமியார், கைக்குழந்தை. “அம்மா, நீ இருக்கும்போது எனக்கென்ன கவலை”ன்னா. போன்லயே முத்தம் குடுத்தா.

— பொண்ணு நல்ல பொண்ணு. ஏம்மா, எல்லாருக்கும் ஒரு கஷ்டம் இருக்கு. எனக்கு மூட்டு வலி இல்லியா? இனிமே வேலி வந்தாச்சு. நிம்மதியா இரு. உள்ள அவர் பாட்டுக்கு உலாத்தட்டும், நீ பாட்டுக்கு மத்தியானம் ஒரு தூக்கம் போடலாம்.

— அவருக்குக் கையில எதையும் குடுக்கக் கூடாது டீச்சர். வாங்க மாட்டாரு. தட்டுல போட்டு வெச்சிட்டு, நாலடி தள்ளி நிக்கணும். அப்ப சாப்பிட்டுடுவாரு. காரம் ஆகாது. கெஞ்சினா சாப்பிட மாட்டாரு. வேற வேலை இருக்கற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கணும்.

— இதெல்லாம் என்கிட்ட எதுக்கும்மா சொல்றே?

— சும்மா சொன்னேன். அவரைப் பத்தி யார்கிட்டயும் சொன்னதில்ல.

— சொல்லு, சொல்லு. மனசுல வெச்சுக்காதே. பேசினா பாரம் குறையும். அதுக்குத்தானே எதிர்வீடு.

— ராத்திரி பயப்படுவாரு. விளக்கை அணைக்கக் கூடாது. நீலச் சட்டைன்னா பிடிக்கும், பஸ்ஸுக்குப் போட்டுட்டுப் போற சட்டை. அதைக் காட்டினா எந்த ரூமுக்குள்ளயும் வந்துடுவாரு.

— பாவம், வேலைக்குக் கூப்பிடறாங்கன்னு நினைச்சுக்குவாரு போல. ஏம்ப்பா, அந்தப் பலகை கோணலா இருக்கே?

— பலகை கோணல் இல்ல டீச்சரம்மா, நீங்க சாஞ்சு நிக்கறீங்க.

— கொழுப்பு! பாத்தியாம்மா இவனை?

— சிரிக்க வெக்கறாரு. நல்லா இருக்கு டீச்சர், வாசல்ல பேச்சுக் குரல் கேட்டா. அவரும் பாருங்க, நம்ம பக்கம் திரும்பிட்டாரு.

— ஆமா, நல்ல முகம் இன்னிக்கு. ஆனா நான் சொல்லிட்டேன், இந்த முதுகுக்கு ஒரு பூச்சாவது வேணும். இப்படியே விட்டா எனக்குத் தூக்கம் வராது.

— உங்களுக்குப் பிடிச்ச கலரா நீங்களே அடிச்சுக்கங்க டீச்சர். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.

— நிஜமாவா? வெள்ளை?

— வெள்ளையே அடிங்க.

— கொடி கூட ஏத்தி விடலாம். குறுக்குச் சட்டம் இருக்கே, கொடி பிடிச்சு ஏற அதுதான் சௌகரியம். ஆறு மாசத்துல பாரு, தெருவிலேயே இதுதான் அழகா இருக்கும். நீயே சொல்லப் போறே, “டீச்சர், நல்ல வேளை மாத்தி அடிச்சோம்”னு.

— முடிஞ்சுது, முடிஞ்சுது. கேட்டை மாட்டியாச்சு. அக்கா, வெளியில வந்து தாழ்ப்பாளைப் போட்டுப் பாருங்க. சத்தம் வராது, எண்ணெய் விட்டிருக்கேன். டீச்சரம்மா, உங்க கை எட்டுதா பாருங்க. அக்கா ஸ்பெஷலா சொன்னாங்க.

— எனக்கா? எட்டுது, எட்டுது. என்ன மரியாதை எனக்கு இன்னிக்கு! பூட்டு போடலியா?

— வேணாம் டீச்சர். பூட்டினா சாவி தேடணும். தாழ்ப்பாள்னா யாரும் திறக்கலாம்.

— அதுவும் சரிதான். உள்ளேர்ந்து அவர் கை நுழையாதே?

— விரல் கூட நுழையாது டீச்சரம்மா. நான் உள்ள நின்னு முயற்சி பண்ணிப் பாத்துட்டேன். நான் போட்டா போட்டதுதான். அக்கா, கடைசித் தடவையா ஒரு வார்த்தை, உள்ள ஒரு கொண்டி வெச்சுடட்டுமா? ராத்திரி நீங்க சாத்திக்கறதுக்கு.

— வேணாம் தம்பி. நல்லா பண்ணியிருக்கீங்க. உங்களுக்கு உள்ள கொஞ்சம் டீ வெச்சிருக்கேன், சூடு ஆறியிருக்கும். குடிச்சிட்டுப் போங்க. சாப்பாடு அவருக்கு ரெண்டு வேளைக்கு மூடி வெச்சிருக்கு, அதைத் தொடாதீங்க. என்னங்க, நிழல்ல உக்காருங்க. சுவர் ஓரமா. இதோ பாருங்க, எவ்வளவு வானம் தெரியுது. எல்லாம் உங்களுக்குத்தான்.

— போறேன்க்கா, டீயைக் குடிச்சிட்டு வந்து சாமான் எடுத்துக்கறேன். ஆறின டீதான் எனக்குப் பிடிக்கும். என் வீட்டுக்காரி போடற சூடான டீயையே நான் ஆற வெச்சுத்தான்…

— ஏம்ப்பா, நீ உள்ள போய்க் குடிச்சிட்டு வா, நான் நிக்கறேன். தாழ்ப்பாளைத் திறந்து மூடிப் பழகிக்கறேன்.

— குடிச்சாச்சு டீச்சரம்மா. ஒரே மூச்சு. அக்கா எங்க?

— செருப்பைப் போட்டுகிட்டு இப்பதான் வெளியில வந்தா. கடைக்குப் போறா போல. ஏம்மா, கடைக்கா? எனக்கு ஒரு சோப்பு வாங்கிட்டு வா! காதுல விழுந்துதா?

— விழுந்திருக்காது. வேகமா போறாங்க.

— போகட்டும் பாவம். எவ்வளவு நாளாச்சு அவ தனியா நடந்து. நடையைப் பாரேன், சின்னப் பொண்ணு மாதிரி! இந்த வேலி போட்டதுக்கு இது ஒண்ணு போதும்ப்பா. உனக்குப் புண்ணியம்.

— டீச்சரம்மா, கடை இடது கைப் பக்கம்தானே?

— ஆமா.

— அவங்க வலது பக்கம் திரும்பறாங்க. பஸ் வர்ற ரோட்டுக்கு.

— காலார நடக்கறாளோ என்னமோ. ஏம்மா! அம்மா! அந்தப் பக்கம் எங்க போறே? ஏம்மா, உன்னைத்தான்! திரும்பிக்கூடப் பாக்கலியே. ஏம்ப்பா, நீ ஓடிப் போய்க் கேளேன்.

— பஸ் நிக்குது டீச்சரம்மா. ஏறிட்டாங்க.

— ஏறிட்டாளா? அப்ப இவரை யாரு… இவர் கேட் பக்கத்துல வந்து நிக்கறாரேப்பா! என்னையே பாக்கறாரு! என்ன பொம்பளை இவ, எதிர்ல மரம் மாதிரி நிக்கறேன், ஒரு வார்த்தை சொல்லாமயா போவா?

— சொன்னாங்க டீச்சரம்மா. காலையிலேர்ந்து அதைத்தான் சொல்லிட்டிருந்தாங்க. நாமதான் வேலியைப் பத்திப் பேசிட்டிருந்தோம்.